அலமாரிக்குப் பின்னால் மூன்றடிச் சுவர்

அந்தச் சுவரைப் பற்றி அன்று நான் எதுவும் சொல்லவில்லை. இதற்கு ஏன் வெள்ளை அடித்தீர்கள் என்று கேட்கவில்லை. விண்ணப்பத்தை வேறு பிரிவுக்கு மாற்ற இன்னும் பதினொரு நாள் இருக்கிறது என்பதையும் சொல்லவில்லை. கோப்பி நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னேன். பேருந்துக்கு நேரமாகிறது என்று ஒரு முறை.

பயணத்தின் காரணத்தை முதலில் எழுதிவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு சிறிய அறக்கட்டளை ஆண்டுதோறும் தொண்டு அமைப்புகளுக்கு மானியம் கொடுக்கிறது. சுகாதாரம், மரபு, இசை என்று மூன்று பிரிவுகள். ஓர் அமைப்பு ஒரு பிரிவில் மட்டுமே விண்ணப்பிக்கலாம். முதல் சுற்றில் தேறிய இடங்களுக்கு யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு நான்கு பக்க அறிக்கை எழுத வேண்டும். இரண்டு ஆண்டுகளாக அந்த யாராவது ஒருவரில் நானும் ஒருத்தி. போக்குவரத்துச் செலவும் ஒரு சிறு தொகையும் தருவார்கள். போய்ப் பார்ப்பவருக்கு ஒரு விதி உண்டு. பத்துக் கேள்விகளைக் கேட்கலாம், படம் எடுக்கலாம், குறிப்பு எழுதலாம். வாக்குறுதி தரக்கூடாது, ஆலோசனை சொல்லக்கூடாது. அதிகம் பேசாத எனக்கு அது வசதியான விதி.

இந்த முறை கிடைத்தது நெகிரி செம்பிலானில், கோலா கிளாவாங்கிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு தோட்டம். பெயரை எழுதப் போவதில்லை. தங்களைப் பார்க்க ஆட்கள் வர வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அந்தச் சாலையில் இருக்கும் எல்லாத் தோட்டங்களுக்கும் வழி ஒன்றுதான். ஆகவே கீழே உள்ள விவரங்கள் உங்களுக்குப் பயன்படும்.

விண்ணப்பம் மரபுப் பிரிவில் வந்திருந்தது. பழைய தோட்ட ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் கூரையைச் சரிசெய்யப் பதினெட்டாயிரம் ரிங்கிட் கேட்டிருந்தார்கள். கூரை ஆண்டு முடிவுக்குள் சரியாகாவிட்டால், பாதுகாப்பில்லை என்று தோட்ட நிர்வாகம் கட்டடத்தைப் பூட்டிவிடும். பூட்டிவிட்டால், செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே நடக்கும் ஒரு வேலை நின்றுபோகும்: நீரிழிவால் காலில் புண் வந்த ஒன்பது பேருக்குக் கட்டுப் போடுவது. இது விண்ணப்பத்தின் கடைசிப் பத்தியில் இரண்டே வரியாக இருந்தது. மற்ற மூன்று பக்கமும் ஒரு சுவரைப் பற்றியது.

அந்தச் சுவரின் படத்தை நான் பலமுறை பெரிதாக்கிப் பார்த்திருந்தேன். இருபது அடி நீளம். அதில் பென்சிலால் வரிவரியாகத் தமிழ் எழுத்து. அங்கே வேலை பார்த்த டிரஸர் எழுதியது. தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, ஊசி போட்டு, பிரசவமும் பார்த்தவரை டிரஸர் என்பார்கள். தாயின் பெயர், ஆணா பெண்ணா, எத்தனை ராத்தல் எடை என்று ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு வரி. சில வரிகளின் முடிவில் ஒரு சிறு சிலுவைக் குறி. அது எதற்கு என்று யாரும் எழுதியிருக்கவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். கே.எல். சென்ட்ரலில் காலை ஆறரை மணி ரயில், சிரம்பானுக்கு எட்டு ரிங்கிட் எழுபது சென். எட்டு மணிக்கு இறங்கினேன். ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் பதினைந்து நிமிட நடை. கார் எடுக்கத் தேவையில்லை. கோலா கிளாவாங் பேருந்து எட்டே முக்காலுக்கு என்று பலகையில் இருந்தது. கிளம்பியபோது ஒன்பது ஐந்து. ஐந்தரை ரிங்கிட். ஓட்டுநர் சில்லறை தரமாட்டார். சரியான காசு வைத்துக்கொள்ளுங்கள்.

புக்கிட் தங்கா ஏற்றத்தில் வளைவுகள் அதிகம். தலைசுற்றும் பழக்கம் உள்ளவர்கள் முன் இருக்கையில் உட்காருவது நல்லது, புத்தகம் படிப்பது நல்லதல்ல. நான் படித்தேன். ஐந்தாவது வளைவில் மூடி வைத்தேன். மேலே குளிராக இருந்தது, இறங்கியதும் வெயில். பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு கோலா கிளாவாங். கடைவீதியில் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு கோப்பியும் ஐந்து ரிங்கிட் இருபது சென்.

அங்கிருந்து தோட்டத்துக்குப் பேருந்து கிடையாது. செல்வராணி அக்கா, அதாவது விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர், ஒரு காரை ஏற்பாடு செய்திருந்தார். போக இருபது ரிங்கிட், வர இருபது. ஓட்டுநர் ஐம்பது வயதைத் தாண்டியவர், பேச்சை நிறுத்தாதவர்.

"நீங்கதானே கோலாலம்பூர் மிஸ்? பார்த்தா ஸ்கூல் பிள்ளை மாதிரி இருக்கீங்க. நான் பெரிய அம்மா வருவாங்கன்னு ஏசியெல்லாம் போட்டு வச்சேன்."

பரவாயில்லை, ஏசி இருக்கட்டும் என்றேன்.

"அங்க ஒரு வாரமா ஒரே ரகளை மிஸ். நீங்க வர்றீங்கன்னு. ஏணி என்னோடது, பிரஷ் கோயிலோடது, பெயிண்ட் மட்டும்தான் காசு போட்டு வாங்கினது. சும்மா சொல்லக் கூடாது, பளபளன்னு இருக்கு."

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள் போய்க்கொண்டிருந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பதினொரு மணிக்கு இறங்கினோம். தகரக் கூரை, உயரமான சன்னல்கள், முன்னால் மூன்று படிகள். படிகளுக்கும் வெள்ளை அடித்திருந்தார்கள். உள்ளே ஒரே நீள அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கைகழுவும் தொட்டி, ஓர் இரும்பு அலமாரி. சன்னல்களுக்கு எதிரே, அலமாரி ஒட்டி நின்ற அந்தச் சுவர், இருபது அடிக்கும் பால் போல வெள்ளையாக.

"வாங்க மிஸ், வாங்க. பசியாறிட்டீங்களா? பெயிண்ட் வாசம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்குங்க. நேத்து சாயங்காலம்தான் காஞ்சுச்சு."

செல்வராணி அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. இந்தத் தோட்டத்தில் பிறந்து, இப்போது கோலா கிளாவாங் டவுனில் இருக்கிறார். செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்து வந்து ஏற்றிக்கொண்டு போகும். அதற்கு முன் ஏழு ஆண்டு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தபோது புண்ணைக் கழுவிக் கட்டுப் போடக் கற்றுக்கொண்டார். செவ்வாய் அவருடைய விடுமுறை நாள். அந்த நாளை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

கோப்பி வந்தது. நான் தாளை எடுத்தேன். மூன்றாவது கேள்வி, ஏன் இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது.

"உண்மையச் சொல்லட்டா மிஸ்? சுகாதாரம்னு போட்டா டாக்டர் கையெழுத்து கேக்குறாங்க. டாக்டருக்கு நான் எங்க போவேன்? இசைன்னு போட்டா நம்ம மணி கூட்டம் அடிக்கிற உருமியக் காட்டணும். அதுங்க பயிற்சிக்கு வர்ற லட்சணத்துக்கு நீங்க மூணு நாள் இங்கயே தங்கணும்."

"நாங்க திருவிழாவுக்கு கரெக்டா போயிடுவோம்க்கா." வாசலில் நின்றிருந்த இளைஞர் சொன்னார். அவர்தான் மணி. லாரி ஓட்டுகிறார். நான் வருவதற்காக லீவு போட்டிருந்தார்.

"திருவிழாவுல சோறு போடுறாங்க, போவீங்க." அக்கா என் பக்கம் திரும்பினார். "மரபுன்னா கட்டடம் இருக்கு மிஸ். பழசுதான். கட்டடம் எங்கயும் ஓடிப்போகாது லா."

படிவத்தை நிரப்பியவர் அக்காவின் அண்ணன் மகள். ஆங்கிலத்தில் எழுதி, படங்களைச் சேர்த்து, அனுப்பிவிட்டு, கிழக்கே சபா மாநிலத்துக்குப் படிக்கப் போய்விட்டார். காக்கப்பட வேண்டிய பொருள் என்ற இடத்தில் அந்தப் பெண் எழுதியிருந்தது, சுவரில் உள்ள கையெழுத்து. அத்தை புரிந்துகொண்டிருந்தது, கட்டடம். இரண்டு பேரும் தவறாக எதுவும் சொல்லவில்லை. பார்க்க ஆள் வருகிறது என்றால் சுவருக்கு வெள்ளை அடிப்பது தோட்டத்தில் மரியாதை. அதிலும் ஆஸ்பத்திரிச் சுவர்.

அதற்குள் கட்டுப் போட்டுக்கொள்பவர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் சேகரன், மணியின் அப்பா. அறுபது வயது. முன்பு பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். வலது காலில் கட்டு. நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்தார்.

"மிஸ், காலை மட்டும் படம் புடிங்க, மூஞ்சப் புடிக்காதீங்க. பேஸ்புக்ல வந்தா அப்புறம் எனக்குப் பொண்ணு கிடைக்காது."

"பேரன் எடுக்கற வயசுல பொண்ணு கேக்குது பாரு." அக்கா பழைய கட்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டார். "சக்கரை எவ்வளவு, அதச் சொல்லுங்க மொதல்ல. ஏழு, எட்டத் தாண்டக் கூடாது."

"பன்னெண்டு."

"பொய்."

"பதினஞ்சு லா. ரெண்டு நாள் கல்யாணச் சாப்பாடு. நான் என்ன பண்றது?"

பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே புண் இருந்தது. அக்கா அதைக் கழுவி, விளக்கை அருகில் இழுத்துப் பார்த்தார். போன வாரத்தைவிடச் சின்னதாகியிருக்கிறது என்றார். வாராவாரம் கழுவினால் ஆறிவிடும், இரண்டு வாரம் விட்டால் விரல் போய்விடும் என்றும் சொன்னார். சேகரன் தலையாட்டிவிட்டு, முகவாயால் எதிர்ச் சுவரைக் காட்டினார்.

"இந்தச் சுவத்துலதான் மிஸ் நான் பொறந்தேன். டிரஸர் எழுதி வச்சிருந்தாரு. எங்கம்மா பேரு, ஆம்பளப் புள்ள, ஏழு ராத்தல். அவர் எழுதற ரிஜிஸ்டர மாசாமாசம் கணக்கு எழுதற கிராணி வந்து ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிடுவாராம், திரும்பி வராதாம். அதனால மனுஷன் சுவத்துல ஒரு காப்பி எழுதி வச்சுக்கிட்டாரு. முந்தாநாள் வரைக்கும் இருந்துச்சு. இன்னிக்குப் பாருங்க, நான் பொறக்கவே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஐசி இருக்குல்ல, அது போதும்," என்றார் அக்கா, அடையாள அட்டையைச் சொல்லி. "ஆஸ்பத்திரிச் சுவத்துல அறுபது வருஷக் கிறுக்கல் இருந்தா பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க? இல்லையா மிஸ்?"

நான் நிமிர்ந்தேன். பேசுவதற்கு அதைவிடச் சரியான இடம் அன்று வரவில்லை. "கோப்பி நல்லா இருக்கு," என்றேன்.

பன்னிரண்டரை இருக்கும். பஞ்சுச் சுருள் ஒன்று உருண்டு அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. எடுப்பதற்காக மணி அலமாரியைச் சுவரிலிருந்து இழுத்தார். பின்னால் பெயிண்ட் இல்லை. மூன்றடி அகலத்துக்கு, மேலிருந்து கீழ்வரை, பழைய மஞ்சள் சுவர். அதில் பென்சில் வரிகள். உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணினேன், பதினோரு வரி.

"டேய் மணி! என்னடா இது?"

"அலமாரி கனம்க்கா. அதான் சுத்தி அடிச்சேன்."

"சுத்தி அடிச்சானாம்!" சேகரன் நாற்காலியில் குலுங்கினார். "உருமியும் இப்படித்தான் மிஸ், சுத்திச் சுத்தி அடிப்பான், நடுவுல அடிக்கவே மாட்டான்."

"வெளியூர்லேர்ந்து ஆள வரவச்சிட்டு மானத்த வாங்குறியே," என்றார் அக்கா. அவர் முகம் நிஜமாகவே சிவந்திருந்தது.

"பெயிண்ட் மிச்சம் இருக்குக்கா. அஞ்சு நிமிஷம்." மணி மூலையிலிருந்த டின்னைத் திறந்து பிரஷை எடுத்தார்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு சொல் போதும். ஆனால் அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் மீதிப் பதினேழு அடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஆலோசனை, விதிக்கு விரோதம். இப்படி நான் யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். உண்மையில் அந்த அறையில் எட்டுப் பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்தும் ஆளாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

"மணி, உங்க உருமியப் பார்க்கலாமா? இப்பவே?" என்று கேட்டேன்.

பத்துக் கேள்விகளில் அது இல்லை. மணி பிரஷைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிரஷை டின் மேல் வைத்தார்.

உருமிக் கொட்டகை இருநூறு மீட்டர் தள்ளி, கோயிலுக்குப் பின்னால். பன்னிரண்டு உருமிகளைத் துணி போர்த்தி வரிசையாக வைத்திருந்தார்கள். மணி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலை இழுத்துத் தேய்த்தார். கனமான ஏதோ ஒன்று தரையில் இழுபடுவது போன்ற ஒலி. மறு பக்கத்தில் அடி விழத் தொடங்கியதும் அவர் முகம் மாறியது. அறைக்குள் திட்டு வாங்கிக்கொண்டு நின்றவர் இவர்தானா என்று இருந்தது. அடி எல்லாம் நடுவில்தான் விழுந்தது. கோயிலுக்கு அடிப்பது, சாவுக்கு அடிப்பது என்று வேறுபடுத்திக் காட்டினார். நாற்பது நிமிடம் கேட்டேன். கடைசியில் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"கிடைக்குமா மிஸ்? அப்பாவுக்காகத்தான் கேக்குறேன். செவ்வாக்கிழமை நான் லாரில ஜொகூர்ல இருப்பேன். இங்கன்னா அவரே நடந்து வந்துடுவாரு."

முடிவு செய்வது நானில்லை என்றேன்.

"சரி மிஸ். சொல்லக் கூடாதுன்னா வேணாம்."

திரும்பி வந்தபோது ஒன்றரை. அலமாரி பழைய இடத்திலேயே இருந்தது. யாரோ தள்ளி வைத்திருந்தார்கள். டின் மூடியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாம் முறை கோப்பியைப் பாராட்டிவிட்டு, பேருந்துக்கு நேரமாகிறது என்று விடைபெற்றேன். இரண்டே கால் பேருந்து, மூன்றரைக்கு சிரம்பான், ஐந்தரைக்கெல்லாம் கே.எல். சென்ட்ரல். அன்றைய மொத்தச் செலவு எழுபத்து மூன்று ரிங்கிட் அறுபது சென்.

மறுநாள் அறிக்கை எழுதினேன். விண்ணப்பத்தில் கூறிய நிலையில் பொருள் உள்ளதா என்று ஒரு கேள்வி. "பகுதியளவில். இரும்பு அலமாரிக்குப் பின்னால் சுமார் மூன்றடி அகலம், பதினோரு வரிகள், சிதையாமல் உள்ளன" என்று எழுதினேன். கூடவே, இந்தக் கட்டடத்தில் நடக்கும் வேலை எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று குழு யோசிப்பது நல்லது என்றும் ஒரு வரி. இது என்னளவில் துணிச்சலான வரி.

அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தோட்டங்கள் தனியார் நிலம். முன்கூட்டிச் சொல்லாமல் போகாதீர்கள். கோலா கிளாவாங்கைத் தாண்டினால் தொலைபேசி இணைப்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். காரை இருவழிக்கும் பேசிக்கொள்ளுங்கள், திரும்பி வர அங்கே வேறு எதுவும் இல்லை. பழைய எதையாவது பார்க்கப் போகிறீர்கள் என்றால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் கூப்பிட்டு, எதைப் பார்க்க வருகிறீர்கள் என்று பெயர் சொல்லிவிடுங்கள். சும்மா வந்து பார்க்கிறேன் என்றால் துடைத்துவிடுவார்கள். நம் வீட்டிலும் அப்படித்தான் செய்வோம். மானியத்துக்கு யாருக்காவது படிவம் நிரப்பிக் கொடுப்பவராக இருந்தால், அனுப்புவதற்கு முன் அதை அவர்களுக்குத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். என்னைப் போல் பார்க்கப் போகிறவராக இருந்தால், விதிகளை ஒருமுறை நன்றாகப் படியுங்கள். நான் பிற்பாடு படித்தேன். ஆலோசனை சொல்லக்கூடாது என்றுதான் இருக்கிறது. கடைசித் தேதியைச் சொல்லக்கூடாது என்று எங்கும் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். என் அறிக்கையைப் படித்த அறக்கட்டளை அலுவலகம், நான் போய்வந்த ஒன்பதாம் நாள் செல்வராணி அக்காவைக் கூப்பிட்டு, அலமாரிக்குப் பின்னால் உள்ள சுவரின் படம் வேண்டும் என்று கேட்டது. பத்தாம் நாள் படம் வந்தது. அலமாரியை அறையின் மறுகோடிக்கு நகர்த்தி, சுவர் முழுவதும் தெரியும்படி எடுத்த படம். இருபது அடியும் வெள்ளை. கூடவே ஒரு குரல் பதிவு, எனக்கு. அலுவலகத்தில் அதை எனக்கு அனுப்பி வைத்தார்கள்.

"மிஸ், நீங்க அன்னிக்குப் பார்த்துட்டும் ஒண்ணும் சொல்லாமப் போனீங்க. எங்க மானத்தக் காப்பாத்துனீங்க, நல்ல மனசு. ஆனா ஆபீசுல எப்படியோ கண்டுபுடிச்சுட்டாங்க போல. இப்ப மணி முழுசா அடிச்சு முடிச்சுட்டான். ரெண்டு கோட்டு. தேங்க்ஸ் மிஸ்."

அக்டோபரில் மரபுப் பிரிவுக் குழு விண்ணப்பத்தை நிராகரித்தது. கடிதம் கிடைத்த வாரம் அக்கா டவுனில் ஒரு கிளினிக்கில் கேட்டுப் பார்த்தார். டாக்டர் உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிரிவு மாற்றும் தேதி முடிந்திருந்தது. டிசம்பர் கடைசி நாள் கட்டடத்தின் சாவியைத் தோட்ட ஆபீசில் திருப்பிக் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் அக்கா இப்போது டவுனில் தன் வீட்டு வாசலில், கார் நிறுத்தும் இடத்தில் கட்டுப் போடுகிறார். ஒன்பது பேரில் நான்கு பேர் வருகிறார்கள். சேகரன் ஜனவரியில் ஒருமுறை வந்தார். பிப்ரவரியில் அவருடைய வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.